ஆன்சர் பட்டர்: 1966இல் வரைந்த விடை இன்றும் செல்லுமா?

தொழில்முறை கோல்ஃப் வீரர் ஒருவரின் பையில் 14 மட்டைகளுக்கு மேல் இருக்கக் கூடாது. அவற்றில் பெரும்பாலானவை வந்து போகிறவை. பந்தைத் தொலைதூரம் அடிக்கும் டிரைவரில் புதியது வந்ததும் பழையது ஓரங்கட்டப்படும். பந்தை உயரத் தூக்கிவிடும் வெட்ஜின் முகத்தில் உள்ள வரிப்பள்ளங்கள் மழுங்கியதும் அடுத்தது வரும். ஒப்பந்த நிறுவனம் மாறினால் பையே மாறிவிடும். குழியைச் சுற்றிய குட்டைப் புல்வெளியான கிரீனில் பந்தை உருட்டும் பட்டர் மட்டும் பலரிடம் நெடுங்காலம் தங்கிவிடுகிறது. டைகர் வுட்ஸ் 1999இல் கையிலெடுத்த நியூபோர்ட் 2 பட்டரைக் கொண்டுதான் தன் 15 மேஜர் (ஆண்டின் நான்கு முதன்மைப் போட்டிகள்) பட்டங்களில் 14ஐ வென்றார். கடைசியாக வென்றது 2019 மாஸ்டர்ஸ். அந்த 20 ஆண்டுகளில் ஸ்விங்கை மாற்றினார், பயிற்சியாளர்களை மாற்றினார், முதுகில் அறுவை செய்துகொண்டார், இடையில் வேறு பட்டர்களையும் பிடித்துப் பார்த்தார். மறுபடி அதற்கே திரும்பினார்.

அந்த நியூபோர்ட் 2ஐச் செய்தவர் ஸ்காட்டி கேமரன். ஆனால் அந்த உருவத்தின் மூலம் வேறொருவருடையது. பிங் நிறுவனத்தைத் தொடங்கிய கார்ஸ்டன் சோல்ஹைம் 1966 ஜனவரியில் வரைந்த ஆன்சர் பட்டரின் வழிவந்தது அது. காப்புரிமைக் காலம் முடிந்த பிறகு பட்டர் செய்கிற ஏறக்குறைய எல்லா நிறுவனமும் இந்த அச்சில் ஒன்றைக் கடைக்குக் கொண்டுவந்துவிட்டது. எனவே இங்கே பேசப்போவது பிங் ஆன்சரையும், அதே அச்சில் வரும் மற்றவற்றையும் சேர்த்துத்தான். பெயர் எதுவானாலும் நடத்தை ஒன்றே.

முதலில் ஒரு கணக்கு. பார் என்பது எத்தனை அடியில் முடிக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு; பட் என்பது பட்டரால் உருட்டும் அடி. பார் 72 உள்ள மைதானத்தில் ஒவ்வொரு கிரீனுக்கும் இரண்டு பட் என்று ஒதுக்கித்தான் பார் வகுக்கப்படுகிறது. 18 குழிக்கு 36. ஆட்டத்தில் பாதி இந்த ஒரு மட்டைக்கு. டிரைவரை ஒரு சுற்றில் அதிகம் போனால் 14 முறை எடுப்பார்கள். ஆனால் கடைக்குப் போனால் டிரைவருக்கு ஒரு மணி நேரம் அளவெடுத்துக்கொள்கிறவர்கள் பட்டரை இரண்டு முறை தரைவிரிப்பில் ஆட்டிப் பார்த்துவிட்டு வாங்கிவிடுகிறார்கள். ஆன்சரைப் பற்றி வரும் குறைகளில் பாதிக்கும் மேல் அங்கேதான் பிறக்கின்றன.

சோல்ஹைம் நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர், ஜெனரல் எலெக்ட்ரிக்கில் பொறியாளர். நாற்பது வயதுக்கு மேல்தான் கோல்ஃப் ஆடத் தொடங்கினார். பட் போடும்போது பந்து நடுவில் படாவிட்டால் மட்டையின் தலை கையில் திரும்பிவிடுவது அவரைத் தொந்தரவு செய்தது. எடையை நடுவில் குவிக்காமல் இரண்டு ஓரங்களுக்கும் தள்ளினால் தலை அவ்வளவு சுலபத்தில் திரும்பாது என்பது அவர் யோசனை. ஐஸ் குச்சிகளில் சர்க்கரைக் கட்டிகளை ஒட்டி அதைச் சோதித்துப் பார்த்தார். 1959இல் கலிஃபோர்னியாவின் ரெட்வுட் சிட்டியில் தன் வீட்டுக் கார் கொட்டகையில் செய்த 1ஏ என்ற முதல் பட்டர், பந்தில் பட்டதும் ‘பிங்’ என்று ஒலித்தது. நிறுவனத்தின் பெயர் அந்த ஒலியிலிருந்து வந்தது. பின்னர் அவர் ஒரு 78 சுழற்சி இசைத்தட்டின் உறைமேல் வரைந்ததுதான் ஆன்சர். ‘விடை’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் பட்டரில் பொறிக்க நீளமாக இருந்ததால், ஓர் எழுத்தை விட்டுவிடலாம் என்றவர் அவர் மனைவி லூயிஸ். 1967இல் ஜூலியஸ் போரோஸ் ஃபீனிக்ஸ் ஓப்பனை ஆன்சரால் வென்றார். அதன்பின் வேலையை விட்டுவிட்டு சோல்ஹைம் முழுநேரமாக மட்டை செய்யத் தொடங்கினார். பிங் பட்டரால் போட்டிகளில் வெல்கிறவர்களுக்கு அந்நிறுவனம் அதே பட்டரின் தங்கமுலாம் பூசிய பிரதியைச் செய்து தருகிறது, இன்னொன்றைத் தன் பெட்டகத்தில் வைத்துக்கொள்கிறது. ஒரு வீரரின் ஆட்ட வாழ்க்கையை அந்த வரிசையைப் பார்த்தே ஓரளவு படித்துவிடலாம்.

இனி பட்டருக்கு வருவோம். கையிலெடுத்துப் பார்த்தால் மூன்று விஷயங்கள் தெரியும். பின்பக்கம் நடுவில் குழிவு. எடை டோ என்கிற நுனிப் பக்கமும் ஹீல் என்கிற தண்டுப் பக்கமும் ஒதுங்கியிருக்கும். தண்டு நேராகத் தலையில் இறங்காமல், குழாய் வேலைக்காரர் பொருத்தும் முழங்கைக் குழாய் மாதிரி இரண்டு இடத்தில் மடங்கி இறங்கும். அந்தக் கழுத்தினால் முகம் தண்டின் முழுத் தடிமன் அளவுக்குப் பின்தள்ளி நிற்கும். இந்தப் பின்தள்ளல் அழகுக்காக வந்ததல்ல. பந்தைத் தொடும் நேரத்தில் கைகள் தலையைவிடச் சற்று முன்னால் இருக்க இது உதவுகிறது. கண்ணுக்கும் பந்துக்கும் இடையே தண்டு வந்து மறைக்காமலும் இருக்கிறது.

மிக முக்கியமான சங்கதி டோ தொங்கல். தண்டை, தலைக்குப் பக்கத்தில், ஒரு விரலின்மேல் கிடையாகத் தாங்கிப் பாருங்கள். முகம் வானத்தைப் பார்த்து நின்றால் அது முகச்சமன் பட்டர். ஆன்சர் அப்படி நிற்காது. நுனி கீழே சாயும். கடிகார முள்ளாக நினைத்தால் நான்குக்கும் ஐந்துக்கும் நடுவே காட்டும். இப்படித் தொங்கும் பட்டர் பின்னே போகும்போது கொஞ்சம் திறக்கவும், முன்னே வரும்போது மூடவும் விரும்பும். ஆகவே உங்கள் பட்டிங் வீச்சு லேசான வில்லாக இருந்தால் இது உங்களோடு ஒத்துழைக்கும். நேர்கோட்டில் பின்னே போய் நேர்கோட்டில் முன்னே வருகிறவர் இதைப் பிடித்தால், முகத்தைச் சதுரமாக வைத்திருக்க ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும். வலக்கைக்காரருக்கு அப்போது பந்து வலப்பக்கம் நழுவும். அதைச் சரிக்கட்ட மணிக்கட்டை மடக்குவார், இடப்பக்கம் இழுபடும். இரண்டு பக்கமும் தவறுகிற பட்டருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பழக்கத்தால் சரியாகும் என்று காத்திருக்க வேண்டாம்.

வீச்சு வில்லா கோடா என்பதோடு, பந்து முகத்தில் எங்கே படுகிறது என்பதும் தெரிய வேண்டும். அதற்கு ஒரு சோதனை. சமதரையான இடத்தில் குழியிலிருந்து 6 அடி தள்ளி, பட்டரின் தலை நுழையும் அளவுக்கு மேல் இரண்டு பக்கமும் ஒரு விரல் இடம் விட்டு பந்தை ஏற்றி வைக்கும் சிறு முளையான டீ இரண்டைத் தரையில் குத்துங்கள். அந்த வாசலுக்குள் பந்தை வைத்து 20 பட். டைகர் வுட்ஸ் ஆட்டத்துக்கு முன் செய்யும் பயிற்சியும் இந்த வாசல் பயிற்சிதான். பட்டரின் முகத்தில் பாதப் பவுடரை லேசாகத் தெளித்துக்கொண்டால் பந்து பட்ட இடம் வட்டமாகத் தெரியும். 20 தடங்களும் ஒரு விரல்நுனி அளவு வட்டத்துக்குள் விழுந்தால் ஆன்சர் உங்களுக்கானது. நுனிப் பக்கமும் தண்டுப் பக்கமும் சிதறியிருந்தால் கீழே வரும் குறைகளைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

அளவு விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். கடையில் தொங்குபவை பெரும்பாலும் 33, 34, 35 அங்குலம். இயல்பாகக் குனிந்து, தோளிலிருந்து கைகளைத் தளர்வாகத் தொங்கவிட்டு, உள்ளங்கைகள் சேரும் இடத்தில் கிரிப் (கைப்பிடி) இருக்க வேண்டும். நிறைய பேர் நீளமானதை வாங்கி, கிரிப்பின் மேல் நுனியில் இரண்டு அங்குலம் மிச்சம் விட்டுப் பிடிக்கிறார்கள். மிச்சம் வயிற்றில் இடிக்கும், முழங்கை மடங்கும், கண் பந்துக்கு உள்பக்கமாகப் போய்விடும். அப்போது நேர்க்கோடே கோணலாகத் தெரியும். கண்ணைச் சோதிக்க, வழக்கம்போல் நின்று, மூக்கின் மேல்பாகத்திலிருந்து இன்னொரு பந்தை நழுவவிடுங்கள். தரையில் உள்ள பந்தின்மேலோ அதற்கு ஓர் அங்குலம் உள்பக்கமோ விழுந்தால் சரி.

நீளத்தைக் குறைக்கத் தண்டை வெட்டுகிறவர்கள் எடையை மறந்துவிடுகிறார்கள். அரை அங்குலம் வெட்டினால், வீசும்போது தலை கையில் கனக்கும் அளவான வீச்செடையில் ஏறக்குறைய 3 புள்ளி இறங்கும்; தலையில் 2 கிராம் சேர்த்தால் 1 புள்ளி ஏறும். ஆக 35ஐ 33 ஆக்கினால் 12 புள்ளி போகிறது, 24 கிராம் சேர்த்தால்தான் பழைய உணர்வு திரும்பும். வெட்டி மட்டும் விட்டால் தலை இருப்பதே கையில் தெரியாது, நீண்ட பட் எல்லாம் குறையாக நிற்கும். அரை அங்குல அகல ஈயப் பட்டையில் 4 அங்குலத் துண்டு சுமார் 2 கிராம். 12 துண்டை ஒட்டுவது பார்க்கவும் நன்றாக இராது. முதலிலேயே 33 அங்குலத்துக்கென்று கனமான தலையோடு வருவதை வாங்குவதே மேல். கொஞ்சமாக ஒட்டுகிறவர்கள் பின்குழிவின் இரண்டு ஓரத்திலும் சமமாக ஒட்டவும். ஒரு பக்கம் கூடினால் டோ தொங்கல் மாறும், மையப்புள்ளியும் நகரும். ஆட்டம் தொடங்கும்முன் ஒட்டலாம். சுற்றின் நடுவே ஒட்டவோ உரிக்கவோ விதி இடம் தராது.

தண்டு தரையோடு செய்யும் லை கோணத்தைப் பற்றி அளவுக்கு மீறிக் கவலைப்படுகிறார்கள். 3 டிகிரி லாஃப்ட் (முகத்தின் பின்சாய்வு) உள்ள பட்டரின் லை 2 டிகிரி பிசகியிருந்தால், 10 அடி பட்டில் பந்து விலகுவது சுமார் 6 மில்லிமீட்டர்தான். தொந்தரவு வேறு இடத்தில்: நுனி தூக்கிக்கொண்டு நிற்கும் பட்டர் கண்ணுக்கு இடப்பக்கம் பார்ப்பதுபோல் தோன்றும், ஆடுகிறவர் தன்னையறியாமல் வலப்பக்கம் திருப்பிவிடுவார். முகம் திரும்புவதோ உண்மையிலேயே ஆபத்து. 10 அடியில் 1 டிகிரி என்பது 5.3 சென்டிமீட்டர். குழியின் விட்டம் 10.8 சென்டிமீட்டர், பாதி 5.4. அதாவது நேரான 10 அடி பட்டில் முகம் 1 டிகிரி திரும்பினாலே பந்து குழியின் விளிம்பைத் தேடிப் போகிறது.

லாஃப்ட் 3 முதல் 4 டிகிரி. புல்லில் பந்து தன் எடையாலேயே சிறு பள்ளத்தில் அமர்ந்திருக்கும். அதிலிருந்து மெல்ல எடுத்துவிடத்தான் லாஃப்ட். கைகள் முன்னே சாய்ந்தால் சாய்ந்த ஒவ்வொரு டிகிரிக்கும் லாஃப்ட் ஒரு டிகிரி குறையும். ஆன்சரின் கழுத்து கையை முன்னே தள்ளச் சொல்லும் என்பதால், மிகையாகச் சாய்க்கிறவரிடம் லாஃப்ட் பூஜ்யத்துக்கும் கீழே போய்விடும். பந்து தரையில் அழுத்தப்பட்டுத் துள்ளும். பின்னே சாய்க்கிறவரிடம் லாஃப்ட் கூடி, பந்து காற்றில் எழும்பி விழுந்து உருளும். கைபேசியைத் தரையோடு தரையாக வைத்து மெதுவியக்கத்தில் படமெடுத்தால் முதல் ஓரடியிலேயே எது என்று தெரிந்துவிடும். திருத்தம் சுலபம்: மாங்கனீஸ் வெண்கலமும் 303 துருவேறா எஃகும் மென்மையானவை, வளைக்கும் கருவியில் பிடித்து 2 டிகிரி வரை பயமின்றி மாற்றலாம். 17-4 வகை வார்ப்பு எஃகு கடினம். கழுத்தில் விரிசல் விடக்கூடும் என்பதால் அனுபவமுள்ள தொழிலாளியிடம் மட்டுமே கொடுக்கவும்.

கிரிப் மாற்றும்போது நடக்கும் ஒரு தவறைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைக் கண்டுபிடிக்காமல் பட்டரையே விற்றுவிடுகிறவர்கள் உண்டு. பட்டர் கிரிப்பின் முன்பக்கம் தட்டையாக இருக்கும். கட்டைவிரல்கள் அதன்மேல்தான் உட்காரும். இரட்டைப்பக்க ஒட்டுநாடாவின்மேல் கரைப்பான் ஊற்றிக் கிரிப்பை வழுக்கிச் செலுத்தியதும், அது இறுகச் சில நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் 2 டிகிரி திரும்பிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். கட்டைவிரல் சொல்வது ஒரு திசை, முகம் பார்ப்பது வேறு திசை. எனவே கிரிப் ஈரமாக இருக்கும்போதே முகத்தின் அடிவிளிம்பைச் சுவரோடு ஒட்டி வைத்து, தட்டைப் பக்கம் சுவருக்கு இணையாக இருக்கிறதா என்று மேலிருந்து பாருங்கள். பிறகு சில மணி நேரம் காயவிடுங்கள். தடித்த கிரிப் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அது மணிக்கட்டை அடக்கும், உண்மை. ஆனால் கைப்பக்கம் கனத்து, தலையின் திறந்து மூடும் இயல்பும் மங்கிவிடும். டோ தொங்கலுக்காக ஆன்சரை வாங்கி, அதையே தடித்த கிரிப்பால் அமுக்குவதில் பொருளில்லை. வுட்ஸ் பல ஆண்டுகள் பிங்கின் மெல்லிய பிளாக்அவுட் கிரிப்பையே தன் கேமரன் பட்டரில் போட்டிருந்தார்.

உலோகத்துக்கு வருவோம். வெண்கல ஆன்சர் தொட்டால் மென்மை, ஒலி தாழ்வு. நாள்பட நிறம் கறுத்து அழகாகும். ஆனால் பையில் மற்ற மட்டைகளோடு உரசினால் சட்டென்று தழும்பு விழும், உறை கட்டாயம். பித்தளைப் பாலிஷ் போட்டுத் தேய்க்க வேண்டாம், நிறமும் போகும், பொறித்த எழுத்தும் மழுங்கும். ஈரத்துணியும் உலர்துணியும் போதும். கார்பன் எஃகில் செய்தவை தட்டும் உணர்வில் இனிமையானவை. அதற்குக் கொடுக்கும் விலை, துரு. மழையில் ஆடிவிட்டு உறைக்குள் ஈரத்தோடு வைத்தால் மறுநாளே செம்புள்ளி தெரியும். துடைத்து எண்ணெய்த் துணியால் ஒற்றி எடுக்கப் பழகாதவர் துருவேறா எஃகை வாங்குவது நல்லது. முகத்தில் ஆழமாகக் கடைந்த ரகங்களும் மென்மையான பொருள் பதித்த ரகங்களும் ஒலியைக் குறைக்கின்றன. ஒலியைக் கேட்டே தூரத்தை அளக்கிறவர் அவற்றைத் தவிர்க்கவும். காது ஏமாந்தால் கையும் ஏமாறும்.

இப்போது குறைகள். 1966இல் இதன் ஓர எடை புரட்சியாக இருந்தது. தலை பின்னால் அகலமாக நீளும் இன்றைய பெரிய மாலெட் பட்டர்களுக்குப் பக்கத்தில் வைத்தால் இது எளிதில் திரும்பிவிடும் மட்டைதான். மையத்திலிருந்து அரை அங்குலம் தள்ளிப் பட்டால் ஆன்சரில் பந்து தெளிவாகக் குறையும், 30 அடியிலிருந்து போட்டதெல்லாம் வெவ்வேறு இடத்தில் நிற்கும். மாலெட்டில் எடை பின்னே வெகுதூரம் போவதால் அந்தப் பிழையை அது விழுங்கிக்கொள்ளும். குறி வைப்பதிலும் ஆன்சர் கஞ்சம்: பின்தட்டில் ஒரு குட்டைக் கோடு, அவ்வளவே. வுட்ஸின் பட்டரில் அதுவும் இல்லை, மேல்விளிம்பில் ஒரு புள்ளி மட்டும். நீளமான கோடுகளைப் பார்த்து நேர்ப்படுத்திப் பழகிய கண்ணுக்கு இது போதாது.

உலகின் முதலிட வீரராக இருந்த ஸ்காட்டி ஷெஃப்லரின் கதை இதற்குச் சாட்சி. முதல் அடியிலிருந்து கிரீன் வரை அவருக்கு நிகரில்லாத காலத்தில், குட்டை பட்டுகள் அவரைக் கைவிட்டுக்கொண்டிருந்தன. 2024 மார்ச்சில் ஆன்சர் போல் ஒல்லியான தலையுள்ள பிளேடு பட்டரை வைத்துவிட்டு டெய்லர்மேட் ஸ்பைடர் மாலெட்டை எடுத்தார். எடுத்த வாரமே ஆர்னால்ட் பால்மர் இன்விடேஷனல், அடுத்த வாரம் பிளேயர்ஸ், ஏப்ரலில் மாஸ்டர்ஸ். நாள் முழுக்கப் பட்டிங் கிரீனில் நிற்கக்கூடிய ஒருவருக்கே மாலெட் தேவைப்பட்டதென்றால், வாரம் ஒருமுறை ஆடுகிறவர் பெருமைக்காக ஆன்சரைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

அப்படியானால் யாருக்கு? வீச்சில் வில் உள்ளவருக்கு, பவுடர் சோதனையில் தடங்கள் சேர்ந்து விழுகிறவருக்கு, தலையின் கனத்தைக் கையால் உணர்ந்து தூரத்தை அளக்கிறவருக்கு. இறக்கமான வேக கிரீன்களில், பந்தைத் தொட்டும் தொடாமலும் விட வேண்டிய பட்டுகளில், ஆன்சர் தரும் தகவலை மாலெட் தருவதில்லை. எங்கே பட்டது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். கற்றுக்கொள்கிற வயதில் இருப்பவர்களுக்கு அதே காரணத்தால் இதைத் துணிந்து பரிந்துரைக்கலாம்: பிழையை மறைக்காத மட்டை பிழையைத் திருத்தக் கற்றுக்கொடுக்கும்.

பழையதை வாங்குகிறவர்கள் கவனிக்க: பிங் பட்டர்களின் அடியில் பொறித்த ஊர்ப்பெயரும் அஞ்சல் எண்ணும் காலத்தைச் சொல்லும். ஸ்காட்ஸ்டேல் என்று பொறித்தவை தொடக்கக் காலத்தவை, சேகரிப்பாளர்கள் தேடுபவை. ஆடுவதற்கு அவை தேவையில்லை. பழைய தலைகள் இன்றையவற்றைவிட எடை குறைந்தவை, மெதுவான கிரீன்களுக்காகச் செய்தவை. கேமரன் பட்டர்களில் போலிகள் ஏராளம். எழுத்தின் பள்ளத்தில் நகத்தை ஓட்டினால் அசலில் விளிம்பு கூர்மையாகத் தட்டுப்படும், போலியில் வழவழவென்றிருக்கும். வண்ணம் பள்ளத்துக்கு வெளியே வழிந்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வெண்கலம் என்று சொல்லி விற்பது காந்தத்தை இறுகப் பிடித்தால் அது மேல்பூச்சு மட்டுமே. கழுத்து இரண்டு இடத்தில் மடங்கும் உள்மூலைகளை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். முன்பு யாராவது முரட்டுத்தனமாக வளைத்திருந்தால் மயிரிழைக் கீறல் அங்கேதான் தெரியும். தண்டும் தலையும் சேரும் இடத்தைப் பிடித்து முறுக்கும்போது ‘டிக்’ என்று சத்தம் வந்தால் பசை விட்டிருக்கிறது. அது மட்டும்தான் குறை என்றால் தயங்காமல் வாங்கலாம், எபாக்சி போட்டு ஒருநாள் காயவைத்தால் சரியாகிவிடும்.